இடது பக்கம் கொஞ்சம் லூசா

ஒரு முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதற்கு எந்த ஃப்ரேம் எடுக்கும் என்று சொல்லிவிடுவதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அவன் வேலை பார்த்த கண்ணாடிக் கடைக்குள் யார் நுழைந்தாலும், அவர்கள் நாற்காலியில் உட்காருவதற்குள் அவன் மனசுக்குள் ஃப்ரேமை மாட்டிப் பார்த்துவிடுவான். வாங்கியவர்களைச் சும்மா அனுப்பவும் மாட்டான். கம்பியை வளைத்து, மூக்குத் தாங்கியை நெருக்கி, தலையை நாலு பக்கமும் ஆட்டச் சொல்லுவான்.

"நகருதா சார்?"

"நகரலப்பா."

அந்த 'நகரல' காதில் விழுந்தால்தான் அவனுக்கு உயிரே வரும். இந்தப் பித்தைப் பார்த்துத்தான் அக்கா அவனுக்குக் 'கண்ணாடி' என்று பெயர் வைத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு மனைவியும் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பித்துக்கு அடங்காத ஒரே முகம் மனைவியுடையதுதான். முதன்முதலில் அவள் கடைக்கு வந்ததும் ஒரு வாடிக்கையாளராகத்தான். மெல்லிய கம்பி ஃப்ரேம் ஒன்றை எடுத்துக்கொண்டு, "இடது பக்கம் கொஞ்சம் லூசா விடுங்க" என்றாள்.

"லூசா விட்டா கோணலாத் தெரியும் மேடம்."

"தெரிஞ்சாத் தெரியட்டும். எனக்கு அந்தக் காது ஃப்ரீயா இருக்கணும்."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இல்லை; அவள் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். மனசே இல்லாமல் இடது கம்பியைத் தளர்த்திக் கொடுத்தான். சரிசெய்து தருகிறேன் என்ற சாக்கில் அவளைத் திரும்பத் திரும்பக் கடைக்கு வரவழைத்து, கடைசியில் வீட்டுக்கே அழைத்துக்கொண்டு வந்துவிட்டான். கண்ணாடி மட்டும் இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது. காலையில் எழுந்ததும் அதைப் பார்த்தால் அவன் விரல் துறுதுறுக்கும்.

அவள் டிஜே. பிறந்தநாள் விழா, வரவேற்பு, கம்பெனி விருந்து என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பாட்டுப் போடுகிறவள். மேடைப் பெயர் மின்மினி. கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு. அதனால்தான் அந்தப் பெரிய ஓட்டலிலிருந்து அழைப்பு வந்தபோது வீடே தலைகீழானது. மொட்டைமாடியில் புதிதாக உணவகம் திறந்திருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் வாரா வாரம் அவளுக்கே, பிடிக்காவிட்டால் வேறொருவருக்கு.

இடத்தைப் பார்க்கப் போனபோது அவனும் கூடப் போயிருந்தான். மேனேஜர் நல்லவிதமாகத்தான் பேசினார். அவள் பையிலிருந்து ஹெட்ஃபோனை எடுத்ததும் முகம் மாறிவிட்டது.

அதில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கறுப்பு ஹெட்ஃபோன். ஒரு பக்கம் மருந்துக்கடைப் பிளாஸ்திரி சுற்றியிருக்கும். காதில் பதியும் மெத்தை பொடிப்பொடியாக உதிர்ந்து, அவள் கன்னமெல்லாம் எள்ளு ஒட்டிய மாதிரி ஆகிவிடும்.

"பாருங்கம்மா, பாட்டு எப்படின்னு பாதிப் பேருக்குத் தெரியாது" என்றார் மேனேஜர். "ஆள் எப்படின்னு எல்லாருக்கும் தெரியும். அன்னிக்குப் போட்டோ எல்லாம் எடுப்போம். இத மாட்டிக்கிட்டு மட்டும் வந்துடாதீங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் பொரிந்து தள்ளினாள். "பாட்டுப் போடக் கூப்பிடறாங்களா, பொண்ணு பாக்கக் கூப்பிடறாங்களா?"

"அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்றான் அவன்.

"நீ அப்படித்தான் சொல்லுவ. கண்ணாடிக்காரன்தானே?" என்றவள் சிறிது நேரம் கழித்து, "சனிக்கிழமை காலைல நானே போய் ஒண்ணு வாங்கிக்கறேன்" என்றாள்.

அங்கேதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. அதுவரை அவளுக்குத் தன் கையால் தேர்ந்தெடுத்து ஒன்றுமே வாங்கித் தந்ததில்லை. அந்தக் கண்ணாடி கூட அவளாக எடுத்தது. மறுநாள், பிளாஸ்திரியை மாற்றி ஒட்டித் தருகிறேன் என்று சொல்லிப் பழைய ஹெட்ஃபோனை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனான். அளவுக்கு அது வேண்டுமே.

சாயங்காலம் ஒலிச் சாதனங்கள் விற்கிற கடையில் அவன் செய்த அழும்பு கொஞ்சநஞ்சமல்ல. நீலம் அவள் நிறத்துக்கு எடுக்காது என்றான். வெள்ளை, மருத்துவமனை மாதிரி இருக்கும் என்றான். மாட்டிப் பார்ப்பதற்காகக் கடைப் பையனின் தலையைக் கேட்டு வாங்கினான். கடைசியாக, செம்பு நிறத்தில் பாலேடு நிற மெத்தை வைத்த ஒன்று கண்ணில் பட்டது. மெத்தை அகலம், கண்ணாடிக் கம்பியை அழுத்தாது. வளைவு அழகாக விழும்.

"டிஜேக்குன்னா வேற மாடல் இருக்கு சார். இது பாட்டுக் கேக்கறதுக்கு" என்றான் கடைப் பையன்.

"அவ என்ன பண்றா, பாட்டுத்தானே கேக்கறா?"

பையன் பில் போட்டான். பழைய ஹெட்ஃபோனை அவன் தன் கடைக்கே எடுத்துச் சென்று, மேசை டிராயரில் போட்டுப் பூட்டினான். இனி அது எதற்கு?

சனிக்கிழமை காலை அவள் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது டப்பாவை நீட்டினான். திறந்து பார்த்ததும் அவள் கண் விரிந்தது. அழகுதான், அதில் சந்தேகமே இல்லை. நிலைக்கண்ணாடி முன் நின்று மாட்டிக்கொண்டாள். செம்பு நிறம் அவள் முகத்துக்கே வார்த்த மாதிரி இருந்தது.

"இரு, கழட்டாத" என்று ஹேர் டிரையரைக் கொண்டு வந்தான்.

"என் தலை காய்ஞ்சுதான் இருக்கு."

"தலைக்கு இல்ல, இதுக்கு." தலைமேல் போகும் பட்டையைச் சூடு காட்டி, இரண்டு கையாலும் பதமாக உள்ளே வளைத்தான். ஆற விட்டான். மாட்டினான். மறுபடி கழற்றி இன்னும் ஒரு நெளிவு கொடுத்தான். கையோடு கையாக அவள் மூக்குக்கண்ணாடியையும் வாங்கி, இத்தனை நாள் உறுத்திக்கொண்டிருந்த இடது கம்பியை நேராக்கிவிட்டான். இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின.

"தலைய ஆட்டு. நகருதா?"

அவள் ஆட்டினாள். குனிந்தாள். நிமிர்ந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நகரல" என்றாள்.

அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு தாமதம் இருந்ததை அப்புறம்தான் நினைத்துப் பார்த்தான்.

மதியம் அவள் அறைக்குள் போய்ப் பயிற்சி செய்தாள். அறைக் கதவு சாத்தியிருந்தது. ஒரே பாட்டு பாதியில் நின்று, திரும்ப ஆரம்பித்து, மறுபடி நின்றது. வழக்கமாக அவள் வாசித்தால் ஒரு பாட்டு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்றே தெரியாது. இன்றைக்கு முட்டிக்கொண்டது. அவன் கதவைத் தட்டினான்.

"சும்மா, பழக்கப்படுத்திக்கறேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கிளம்பும் நேரத்தில் பையில் ஒயர்களை அடுக்கிக்கொண்டே, போகிற போக்கில் கேட்கிற மாதிரி, "பழசு எங்கப்பா? ஒட்டிட்டியா?" என்றாள்.

"கடைல என் டிராயர்ல இருக்கு. இன்னிக்கு அரை நாள், மூடிட்டாங்க. எதுக்கு, புதுசுதான் இருக்கே?"

அவள் கை ஒயரோடு அப்படியே நின்றது.

"அதானே" என்று சிரித்தாள்.

சிரிப்பு தாமதமாக வந்தது. என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்டால், கேட்டதற்கு ஒரு பதில் வந்துவிடுமே என்று பயமாக இருந்தது.

ஓட்டல் மொட்டைமாடியில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மேசைகளெல்லாம் நிறைந்திருந்தன. அக்காவும் வந்திருந்தாள். அவள் கால் சென்டரில் வேலை பார்க்கிறவள். வாய் ஓயாத உத்தியோகம், வீட்டிலும் ஓயாது.

"டேய் கண்ணாடி, உம் பொண்டாட்டி இன்னிக்கு ஜொலிக்கறாடா! அந்தச் செம்பு உன் செலக்‌ஷனா? பரவால்ல, உனக்கும் கண்ணு இருக்கு."

அவன் நெஞ்சு நிமிர்ந்தது. மேனேஜர் தூரத்திலிருந்தே அவளைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். புகைப்படக்காரர் சுற்றிச் சுற்றி வந்தார். முதல் பாட்டு எழுந்தது. நன்றாகவே எழுந்தது.

அடுத்த பாட்டுக்குப் போகும் நேரம் வந்தபோதுதான் அவன் கவனித்தான். அவள் ஹெட்ஃபோனின் இடது பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளினாள். அது வில் மாதிரி டப்பென்று திரும்பக் காதிலேயே வந்து அடைத்தது. மறுபடி தள்ளினாள். மறுபடி அடைத்தது. கடைசியில் முழுவதையும் கழற்றி, ஒரு கையால் ஒரு காதில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பொத்தான்களைத் தேடினாள். இரண்டு கைக்கும் வேலை இருக்கிற இடத்தில் ஒற்றைக் கை என்ன செய்யும்? பாட்டு தடுக்கித் தடுக்கித்தான் மாறியது.

"மேடம், ஹெட்ஃபோன மாட்டிக்குங்க! அதுதான் லுக்கே!" என்றார் புகைப்படக்காரர்.

அவள் கூட்டத்தில் தேடி அவனைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு மாட்டிக்கொண்டாள்.

"என்னடா இது, ரெண்டு காதையும் அடைச்சுட்டா?" என்றாள் அக்கா, வாயில் எதையோ மென்றுகொண்டே. "எங்க ஆபீஸ்ல எல்லாம் ஒரு பக்கம்தான். இன்னொரு காது வெளிய இருக்கணும். இல்லன்னா டீம் லீடர் பின்னாடி வந்து நின்னாக் கூடத் தெரியாது. ஒருநாள் அவனப் பத்தி அவன் முன்னாடியே பேசிட்டு..."

அதற்கு மேல் அவன் காதில் ஏறவில்லை. 'எனக்கு அந்தக் காது ஃப்ரீயா இருக்கணும்.' கடைக்கு வந்த முதல் நாள், அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சே அதுதான். அவள் பாட்டுப் போடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறான், பார்த்ததெல்லாம் முகத்தைத்தான். ஒரு காதில் அடுத்த பாட்டையும், மறு காதில் கூட்டத்துக்குக் கேட்கிற பாட்டையும் வைத்துக்கொண்டு இரண்டையும் கோப்பதுதான் அவள் தொழில் என்பது இப்போதுதான் உறைத்தது. அந்த மறு காதைத்தான் அவன் காலையில் சூடு காட்டி, வளைத்து, கச்சிதமாக மூடி அனுப்பியிருக்கிறான்.

"என்னடா, முகமெல்லாம் வேர்க்குது?"

"அக்கா, நான் தப்புப் பண்ணிட்டேன்."

"என்ன தப்பு?"

பதில் சொல்வதற்குள் இரண்டு பாட்டுகள் ஒரே வாசலில் நுழைய முயன்ற இரண்டு ஆட்களைப்போல மோதிக்கொண்டன. ஆடிக்கொண்டிருந்தவர்கள் கால் பின்னி நின்றார்கள். யாரோ சிரித்தார்கள். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்து எதையெதையோ திருகினாள். ஒருவழியாகச் சரியானது. அவன் உயிர் பாதி திரும்பி வந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பாட்டு முடியக் கூடாதே, முடியக் கூடாதே என்று வேண்டிக்கொண்டான். முடியாத பாட்டு ஏது?

முடிந்தது. அதன் பின்னால் ஒன்றும் வரவில்லை.

மாடி முழுக்க நிசப்தம். கரண்டி தட்டில் படுகிற சத்தம் கேட்டது. கீழே தெருவில் ஒரு வண்டியின் ஹாரன் கேட்டது. அவள் மட்டும் குனிந்த தலையோடு, சிரித்த முகமாக, தோளை அசைத்து ஆடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு காதிலும் அடுத்த பாட்டு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அது தன் காதுக்கு மட்டும்தான் கேட்கிறது, கூட்டத்துக்குப் போகவில்லை என்று தெரிய வழியில்லை.

ஒரு மேசையில் கிசுகிசுத்தார்கள். இன்னொரு மேசையில் ஒருத்தர் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார். மேனேஜர் மேடையை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

அவனுக்கு நாற்காலியைத் தள்ளியது நினைவில்லை. எத்தனை பேரின் காலை மிதித்தான் என்பதும் தெரியாது. மேடைமேல் ஏறி அவள் எதிரில் நின்றபோதுதான் அவள் நிமிர்ந்தாள். அவன் வாய் அசைவது தெரிந்தது; பேச்சு கேட்கவில்லை. பின்னால் அசையாமல் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். முகம் வெளுத்துப் போனாள்.

அவன் கையை நீட்டி அவள் தலையிலிருந்து ஹெட்ஃபோனை எடுத்தான். எந்த ஃப்ரேமையும் வளைக்குமுன் சூடு காட்ட வேண்டும் என்பது அவன் தொழிலின் முதல் பாடம். இப்போது அதற்கெல்லாம் நேரமில்லை. இடது காதை மூடும் கிண்ணத்தைப் பிடித்து வெளிப்பக்கமாக ஒரே முறுக்கு. படக்கென்று உடைந்தது. செம்பு நிறக் கிண்ணம் ஒயரில் தொங்கியது.

"இடது பக்கம் லூசா" என்றான் அவன்.

அவள் ஒரு கணம் உடைந்ததைப் பார்த்தாள், ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிடுங்கி மாட்டிக்கொண்டாள். உடைந்த பக்கம் தோளில் கிடந்து ஆடியது. கை தானாகப் போய், கூட்டத்துக்குப் பாட்டைத் திறந்துவிடும் நகர்பொத்தானை மேலே தள்ளியது. நிசப்தத்தைக் கிழித்துக்கொண்டு பாட்டு நடுவிலிருந்தே பாய்ந்தது. யாரோ "ஓ" என்று கத்தினார்கள். நின்றிருந்த கால்களில் ஒன்றிரண்டு அசைய ஆரம்பித்தன.

அதற்குப் பிறகு அவள் தலையைச் சற்றே வலப்பக்கம் சாய்த்து, அந்தக் காதில் வருகிற பாட்டையும் இந்தக் காதில் கூட்டத்தையும் வாங்கிக்கொண்டு, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்துக்கொண்டே போனாள். எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அவன் மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். இந்த முறை அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லாம் முடிந்து ஒயர்களைச் சுருட்டும்போது மேனேஜர் வந்தார். அக்கா சட்டென்று பேச்சை நிறுத்தினாள். அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது.

"நடுவுல ஒரு நிசப்தம் வந்துதே, அது வேணும்னே செஞ்சதாம்மா? சில பேர் ஸ்டைலுன்னு நெனச்சுட்டாங்க."

ஆமாம் என்று சொல்லிவிடு, ஆமாம் என்று சொல்லிவிடு என்று அவன் மனசு அடித்துக்கொண்டது. அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

"இல்ல சார். எனக்குக் கேக்கல. என் தப்புதான், சரியா வராதுன்னு காலைலயே தெரியும். தெரிஞ்சும் மாட்டிக்கிட்டு வந்தேன்."

"ஏன்?"

"அழகா இருந்துது" என்றாள்.

மேனேஜர் தாடையைத் தடவினார். புகைப்படக்காரரின் கேமராவை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே வந்தார். ஹெட்ஃபோனை ஒழுங்காக மாட்டிக்கொண்டு நின்ற படங்களில் அவள் அழகாகவும் பயந்தும் இருந்தாள். ஒரு படத்தில் அவர் கை நின்றது. தலை சாய்ந்து, ஒரு காது திறந்து, உடைந்த கிண்ணம் தோளில் தொங்க, அவள் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அடுத்த சனிக்கிழமையும் வாங்க. இன்னொரு வாட்டி பாக்கறேன். அதுக்கப்புறம்தான் சொல்ல முடியும்" என்றார். "உடைஞ்சது வேணாம். பிளாஸ்திரி போட்டதும் வேணாம். ஆனா தலையச் சாய்ச்சு இப்படி நின்னீங்க பாருங்க, இப்படியே நிக்கணும்."

அவர் போனதும் அக்கா பெருமூச்சு விட்டாள். "இன்னொரு வாரம் இவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கணுமா? எனக்கு இன்னிக்கே பாதி உசிரு போயிடுச்சு" என்று பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

லிஃப்டில் கூட்டம். இருவரும் படியில் இறங்கினார்கள். ஒரு திருப்பத்தில் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"காலைலயே சொல்லியிருக்கலாம்ல?" என்றான் அவன்.

"'நகருதா'ன்னு கேட்டுட்டு நீ ஒரு மூஞ்சி வெச்சிருந்த பாரு. அதப் பாத்துட்டு யாரு சொல்லுவா?"

"நீ கடைக்கு வந்த அன்னிக்கே சொன்ன. நான்தான் கேக்கல. உன்னப் பாத்துக்கிட்டு நின்னுட்டேன்."

அவள் உடைந்த கிண்ணத்தை மடியில் வைத்து விரலால் தடவினாள். "நல்ல கலர்ப்பா. ரொம்ப நல்ல கலர். நாளைக்குக் கடைக்குப் போறோம். மொதல்ல நான் மாட்டிக் கேட்டுப் பாப்பேன். எனக்குச் சரின்னு பட்டதுல நீ அழகானதா எடு."

"நான் வரலைன்னா?"

"கறுப்புதான் எடுப்பேன். பிளாஸ்திரியும் சேத்து."

அவன் அரைகுறையாகச் சிரித்தான். பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை இருக்கிறது. மேனேஜரின் கட்டிய கை இருக்கிறது. படியின் விளக்கு வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தான். மூக்குக்கண்ணாடி இம்மி பிசகாமல் நேராக இருந்தது. இத்தனை மாதம் அவன் ஆசைப்பட்ட நேர். காதுக்குப் பின்னால், இடது கம்பி பதிந்த இடத்தில், சிவந்து ஒரு கோடு விழுந்திருந்தது.

"ஒரு நிமிஷம் மேடம்" என்று அதைக் கழற்றி வாங்கினான். கம்பியைக் கட்டை விரலால் அழுத்தி, மெல்ல வெளிப்பக்கமாகத் தளர்த்தினான். ஊதித் துடைத்து மாட்டிவிட்டான். அது கோணலாக உட்கார்ந்தது.

"தலைய ஆட்டுங்க. நகருதா?"

அவள் ஆட்டினாள்.

"நகருது" என்றாள்.